எஸ்டோனியாவுக்கு பிள்ளைங்களோட வர்றவங்க இந்த கல்வி அமைச்சரப் பத்தி தெரிஞ்சு வச்சுக்கோங்க

பையனுக்கு 7 வயசு, தலைநகர் தாலின்ல எந்த ஸ்கூல்ல போடறதுன்னு கேட்டிருந்தீங்கல்ல தம்பி, ஸ்கூல் பேரா அடுக்கறத விட கல்வி அமைச்சர் கிறிஸ்டினா கல்லாஸ் யாருன்னு சொன்னா பாதி குழப்பம் தீந்துடும். முதல்ல, காயா கல்லாஸ் வேற இவங்க வேற. அவங்க முன்னாள் பிரதமர், இப்ப ஐரோப்பிய யூனியன்ல வெளியுறவு பாக்கறாங்க. ஆபீஸ்ல பேசும்போது மாத்திச் சொல்லிடாதீங்க.

கிறிஸ்டினா அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி நார்வா காலேஜ் டைரக்டரா இருந்தவங்க. நார்வா ரஷ்ய பார்டர்ல இருக்கற ஊரு, ஏறக்குறைய எல்லாரும் ரஷ்ய மொழி பேசறவங்கதான், அதனால எஸ்டோனிய பிள்ளைங்களும் ரஷ்ய பிள்ளைங்களும் தனித்தனி ஸ்கூல்ல படிச்சு ஒருத்தர ஒருத்தர் தெரியாமலே வளர்றத கிட்ட இருந்து பாத்தவங்க. 2018ல எஸ்டோனியா 200ன்னு கட்சி ஆரம்பிச்சாங்க. 2019 ஜனவரில தாலின்ல ஹோபுயாமா டிராம் ஸ்டாப்ல இந்தப் பக்கம் எஸ்டோனியர் மட்டும் அந்தப் பக்கம் ரஷ்யர் மட்டும்னு போஸ்டர், ஊரே கொதிச்சுப் போச்சு, கடைசில பாத்தா இவங்க கட்சி வேலை, நாம பிரிஞ்சு வாழறத காட்டத்தான் ஒட்டினோம்னாங்க. என்னக் கேட்டா படு மட்டமான ஐடியா, ஆனா சொல்ல வந்தது உண்மைதான். அந்த வருஷ நாடாளுமன்ற எலெக்‌ஷன்ல 5 சதவீத ஓட்டு கூட தாண்டல. 2023ல 101 சீட்ல 14 கிடைச்சு, ஏப்ரல்ல கல்வி அமைச்சர் ஆனாங்க.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இங்கதான். ரஷ்ய மொழில பாடம் நடத்தற ஸ்கூலெல்லாம் எஸ்டோனிய மொழிக்கு மாறணும்ங்கற சட்டம் 2022 டிசம்பர்லயே, இவங்க வர்றதுக்கு முன்னாடியே பாஸ் ஆயிடுச்சு, ஆனா நடத்திக் காட்ட வேண்டிய தலைவலி இவங்க தலையில. 2024 செப்டம்பர்ல கிண்டர்கார்டன், 1ஆம் வகுப்பு, 4ஆம் வகுப்புல ஆரம்பிச்சாங்க, மத்த வகுப்பெல்லாம் வருஷா வருஷம் மாறிட்டு வருது. மொழி லெவல் பத்தாத டீச்சருங்க பல பேருக்கு வேலை போச்சு. அதுக்கு முன்னாடி 2024 ஜனவரில சம்பளம் கேட்டு டீச்சர்ஸ் ஸ்ட்ரைக் வேற. இவ்ளோ இழுபறிக்கு நடுவுல 2025ல ஏஐ லீப்னு 10, 11ஆம் வகுப்பு பிள்ளைங்களுக்கு ஏஐ குடுக்கற திட்டமும் ஆரம்பிச்சிருக்காங்க. துணிச்சல்தான், பலன் எப்படின்னு போகப் போகத்தான் பாக்கணும்.

அதனால, ரஷ்யன் மீடியம்ல போட்டா ஈசியா இருக்கும்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, அந்த மீடியமே மாறிட்டு இருக்கு. இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ஃபீஸ் ஜாஸ்தி, கம்பெனி கட்டினா பாருங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல தங்கற பிளான்னா எஸ்டோனிய ஸ்கூல்லயே போடுங்க, சின்னவ இருந்தா கிண்டர்கார்டன்லயே. புதுசா வர்ற பிள்ளைக்கு மொழி வகுப்பு தனியா எடுப்பாங்களான்னு சேக்கும்போதே கேட்டுக்கோங்க. அப்புறம் வீட்டு அட்ரஸ உடனே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, அத வச்சுதான் ஸ்கூல் ஒதுக்குவாங்க.