பதில்: மவுத்வோஷுக்குத் தமிழ் - "வாய்க்கழுவி" வேண்டாம், "கொப்பளிநீர்" எண்டு வைப்பம்

அன்பின் நண்பர்களுக்கு,

மவுத்வோஷ், அதாவது வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புற அந்தப் போத்தல் நீருக்குத் தமிழில என்ன பேர் வைக்கலாம் எண்ட கேள்விக்கு இதுவரைக்கும் வாய்க்கழுவி, வாயலசி, வாய்மணநீர் எண்டு மூண்டு சொல்லு வந்திருக்கு. எனக்கு மூண்டிலயும் உடன்பாடில்லை, கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன், ஏனெண்டா இது லேபிளில போகவேண்டிய சொல்லு, கொழும்பு வெள்ளவத்தையில ஒரு அம்மா பாமசிக்குப் போய் அதை வாசிச்சுத்தான் போத்தலைக் கையில எடுக்கப்போறா.

"கழுவி", "அலசி" ரெண்டிலயும் ஒரே பிரச்சினை. பல்லில ஒட்டியிருக்கிற அந்த வழுவழுப்பான படலத்தை எந்தத் தண்ணியும் கழுவி எடுக்காது, பிரஷ் உரஞ்சித்தான் அது போகும், பல்லிடுக்குக்கு நூல் போடோணும். இப்பவே கனபேர் இரவில பல்லுத் தீட்டப் பஞ்சிப்பட்டு ஒரு மூடி ஊத்திக் கொப்பளிச்சுப்போட்டுப் படுக்கினம். அதுக்கு நாங்களே கழுவி எண்டு பேரும் வச்சுக் குடுக்கிறதோ?

வாய்மணநீர் இன்னும் மோசம். வாயில கெட்ட மணம் வாறதுக்குக் காரணம் அனேகமா முரசு (ஈறு) வருத்தம், சூத்தைப் பல்லு, நாக்கில படிஞ்ச படை. வாசம் அதை ஒரு கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். வெத்திலை, புகையிலை போடுறவை மணத்தை மறைக்கத்தான் இதை வாங்கினம், ஆனா அந்தப் பழக்கம்தான் வாய்ப்புற்றுக்கு முக்கிய காரணம், இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக் கூடுதலா வாற புற்றுநோயும் அதுதான். ரெண்டு மூண்டு கிழமையா ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தா போகவேண்டிய இடம் கொழும்பு வார்ட் பிளேஸ் பல் ஆசுபத்திரி, கொப்பளிக்கிறது இல்லை.

நான் சொல்லுறது கொப்பளிநீர். குடிநீர் மாதிரி வினைத்தொகை, அது குடிக்கிறது, இது கொப்பளிக்கிறது. விழுங்குற சாமானில்லை எண்டது பேரிலயே நிக்குது, ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு இதைக் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுறதும் அதுகள் விழுங்கிப்போடும் எண்டுதானே. "கொப்புளி" எண்டும் எழுதலாம், ஆனா கொப்புளம் ஞாபகத்துக்கு வரும், வாய்ப்புண் மருந்தெண்டு ஆக்கள் நினைப்பினம். தொண்டைக்குப் பாவிக்கிறதுக்குத் தொண்டைக் கொப்பளிநீர் எண்டு முன்னால சேர்த்தாச் சரி.

உள்வகைகளிலதான் நாங்கள் கவனமா இருக்கோணும், ஏனெண்டா எல்லாப் போத்தலும் ஒண்டில்லை. கிருமிகொல்லிக் கொப்பளிநீர் எண்டு நான் சொல்லுறது குளோர்ஹெக்சிடீன் எண்ட கிருமிகொல்லி மருந்து போட்டது, 0.2 வீதம் அல்லது 0.12 வீதம், முரசு வீங்கி இரத்தம் வந்தா பல் டொக்டர் ஒரு குறுகின காலத்துக்கு எழுதிக் குடுப்பார். நல்லா வேலைசெய்யுது எண்டு மாசக்கணக்காப் பாவிச்சா பல்லு மண்ணிறமாகும், எங்களை மாதிரி நாளுக்கு நாலு தேத்தண்ணி குடிக்கிறவைக்கு இன்னும் கெதியா, நாக்கு ருசியும் மாறும். பேஸ்டில நுரைக்காகப் போடுற சாமான் இதின்ர வேலையைக் கெடுக்கும், அதால பல்லுத் தீட்டி அரை மணித்தியாலம் விட்டுத்தான் கொப்பளிக்கோணும்.

பல்லுச் சூத்தையாகாமக் காக்கிற புளோரைட்டுக் கொப்பளிநீர் வேற. நாளாந்தம் பாவிக்கிறதில சோடியம் புளோரைட்டு 0.05 வீதம், புளோரைட்டாப் பார்த்தா 225 பிபிஎம் (பத்து லட்சத்தில 225 பங்கு) அளவு, பேஸ்டில 1000 இலிருந்து 1500 வரைக்கும் இருக்கு. தீட்டின கையோட கொப்பளிச்சா கூடினதைத் துப்பிப்போட்டுக் குறைஞ்சதை வாயில விடுறம்! மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொப்பளிச்சிட்டு அரை மணித்தியாலம் ஒண்டும் குடிக்காம இருக்கிறதுதான் நல்லம். சும்மா வாசத்துக்கு வாறதை வாசக் கொப்பளிநீர் எண்டு வெளிப்படையாவே சொல்லுவம், வாங்குறவருக்கு வித்தியாசம் தெரியோணும்.

மதுசாரம் கலந்ததும் கலக்காததும் இருக்கு. வாய் காயுற பிரச்சினை உள்ளவைக்கும் புண் உள்ளவைக்கும் மதுசாரம் எரியும், கொழும்பில கன முஸ்லிம் குடும்பங்களும் அதில்லாததைத்தான் தேடுவினம், ஆனபடியா "மதுசாரமற்ற" எண்டது லேபிளில சின்ன எழுத்தில ஒளிஞ்சிருக்கக்கூடாது, பேருக்குப் பக்கத்திலயே நிக்கோணும்.

மலையகத்து ஆக்களும் மட்டக்களப்பு ஆக்களும் வீட்டில "கொப்பளி" எண்டுதான் சொல்லுறீங்களோ, வேற சொல்லு ஏதும் இருக்கோ? முரசு எண்டு எழுதினா உங்கட பக்கம் விளங்குமோ, ஈறு எண்டு போடோணுமோ? அதையும் எழுதுங்கோ, பார்த்திட்டு வரைவைத் திருத்தி அனுப்புறன்.