கணவருக்கு சிஆர்1 (வாழ்க்கைத்துணைக்கான அமெரிக்கக் குடியேற்ற) விசா: பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ், சிங்கப்பூர் போலீஸ் சான்று, எதை முதலில் செய்வது?

ஹூஸ்டன்_நர்ஸம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹூஸ்டனில் நர்ஸ், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கணவர் காரைக்குடி. 2024 செப்டம்பரில் கல்யாணம், அந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டோம். அவரை இங்கே அழைத்துவர ஐ-130 மனு போட்டு, காத்திருந்து காத்திருந்து, போன வாரம்தான் அப்ரூவ் ஆகி என்விசியிலிருந்து (அமெரிக்க நேஷனல் விசா சென்டர்) மெயில் வந்தது. பிஎம்பி என்று தொடங்கும் கேஸ் நம்பர், இன்வாய்ஸ் ஐடி எல்லாம் கையில் இருக்கிறது. விசா ஃபீ 325 டாலரும் ஸ்பான்ஸர் பத்திரத்துக்கான ஃபீ 120 டாலரும் கட்டியாயிற்று. அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

முதல் பிரச்சினை பிறப்புச் சான்றிதழ். நகராட்சியில் எடுத்த சான்றிதழில் தேதி இருக்கிறது, மாமனார் மாமியார் பெயர் இருக்கிறது, பிள்ளையின் பெயர் இடத்தில் ஒரு கோடு மட்டும். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் "ஆண் குழந்தை" என்று எழுதியதோடு சரி, யாரும் திரும்பிப் போய்ப் பெயர் சேர்க்கவில்லை.

இரண்டாவது, பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அவர் பெயர் மட்டும்தான், இனிஷியல்கூட இல்லை. மூன்றாவது, 2017இலிருந்து 2021 வரை சிங்கப்பூரில் வேலை பார்த்தார், அங்கிருந்தும் போலீஸ் சான்று வேண்டுமாமே? இப்போது ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி வாங்குவது?

நான்காவது என் வருமானம். போன வருடம் பாதி நாள் படிக்கப் போனதால் டாக்ஸ் ரிட்டர்னில் 24 ஆயிரம் டாலர்தான் காட்டுகிறது. இப்போது முழுநேர வேலை, அது பிரச்சினையா?

ஊரில் ஒரு ஏஜென்ட் 45 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். மெடிக்கலை இப்போதே முடித்துவிடலாம், இன்டர்வியூ சென்னையில்தான், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மாமியார் ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கும்பகோணம்_டு_டல்லஸ்:

அக்கா, முதலில் அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். உங்கள் கேஸ் நம்பரே பிஎம்பி என்று தொடங்குகிறது, அது மும்பை. குடும்ப இமிக்ரன்ட் விசாவுக்கு சென்னை துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ கிடையாது, நம் ஊர்க்காரர்கள் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்குத்தான் போயாக வேண்டும். அதுகூடத் தெரியாதவருக்கு எதற்கு 45 ஆயிரம்?

நான் போன வருடம் இதே வழியில் வந்தவள். எல்லா பேப்பரும் தேவைதான், ஆனால் எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன். அவசரப்பட்டு முதலில் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சான்று) எடுத்தேன், பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றினேன். பிசிசியில் பழைய பாஸ்போர்ட் நம்பர், பழைய பெயர். மறுபடி 500 ரூபாய், மறுபடி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு நடை, மறுபடி வீட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன்.

அதனால் நீங்கள் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். விசாவில் இருப்பதுதான் கிரீன் கார்டில் வரும், அப்புறம் லைசென்ஸ், பேங்க், இன்ஷூரன்ஸ் என்று போகிற இடமெல்லாம் மிஸ்டர் எஃப்என்யு. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவரை ஆபீஸில் உண்மையாகவே "ஃப்னு" என்று கூப்பிட்டார்களாம். அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு ரீஇஷ்யூ வாங்கிவிடுங்கள். டாக்டர் வீட்டிலும் பேங்கிலும் எல்லாரும் மாமனார் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவார்கள், அது வேறு கதை, பழகிவிடும்.

புது பாஸ்போர்ட் வந்த பிறகு இந்திய பிசிசி, சிங்கப்பூர் சான்று, டிஎஸ்-260 (ஆன்லைன் விசா விண்ணப்பம்) எல்லாம் அதே பெயரில், அதே நம்பரில். ஐ-130இல் பழைய பெயர்தானே என்று பயப்பட வேண்டாம், டிஎஸ்-260இல் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் அதைக் கொடுங்கள், இன்டர்வியூவுக்கு இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிசிசி பாஸ்போர்ட் ஆபீஸ் தருவதாக இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் வாங்கும் நன்னடத்தைச் சான்று இதற்குச் செல்லாது, அதை வைத்துக்கொண்டு நின்ற ஒருவரை நான் மும்பையில் பார்த்தேன், பாவமாக இருந்தது.

பிறப்புச் சான்றிதழுக்கு, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, பெற்றோரின் ஆதார் எல்லாம் கேட்பார்கள். ஆனால் பெயர் சேர்க்க விதியில் கால வரம்பு உண்டு, பழைய பதிவுகளுக்கு அதை அவ்வப்போது நீட்டித்திருக்கிறார்கள். அதனால் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு விடாதீர்கள், மாமனாரை நேரில் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் அதே சான்றிதழோடு பள்ளிச் சான்றும், பெற்றோர் இருவரும் நோட்டரி முன்பு கையெழுத்திட்ட அஃபிடவிட்டும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். தமிழில் மட்டும் இருக்கிற எந்தப் பேப்பருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மெடிக்கல் இப்போது வேண்டவே வேண்டாம். இன்டர்வியூ லெட்டர் வந்த பிறகுதான். மெடிக்கல் சாதாரணமாக 6 மாதம்தான் செல்லும், விசாவின் ஆயுளும் அதை ஒட்டியே வரும். மெடிக்கலை மட்டும் சென்னையிலேயே முடிக்கலாம், தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். கைரேகை, போட்டோவுக்குத் தனியாக விசா அப்ளிகேஷன் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் போட வேண்டும், அதையும் சென்னையில் முடித்துக்கொண்டு மும்பைக்கு ஒரே நடையாகப் போய்வரலாம்.

மேற்கு_மாம்பலம்_பெரியவர்:

வருமானக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் மருமகளுக்காக இரண்டு வருடம் முன்பு ஜாயின்ட் ஸ்பான்ஸராக (கூடவே பண உத்தரவாதம் தருபவராக) கையெழுத்துப் போட்டவன்.

அம்மா, ஐ-864இல், அதாவது வருகிறவரின் செலவுக்கு நீ பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் ஸ்பான்ஸர் பத்திரத்தில், அவர்கள் பார்ப்பது உன்னுடைய இப்போதைய வருட வருமானம். போன வருட ரிட்டர்ன் கட்டாயம் கொடுக்க வேண்டும், ஆனால் அது குறைவாக இருப்பதாலேயே கேஸ் விழுந்துவிடாது. வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருந்தால் போதும். 2025 அட்டவணைப்படி இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு வறுமைக்கோடு 21,150 டாலர், அதில் 125 சதவீதம் என்றால் 26,437. வருடா வருடம் மாறும், கையெழுத்துப் போடும் நாளில் ஐ-864பி அட்டவணையை ஒரு தடவை பார்த்துக்கொள். முழுநேர நர்ஸ் சம்பளம் இதைத் தாண்டி எங்கேயோ இருக்கும். வேலை செய்யும் இடத்தில் சம்பளம் குறிப்பிட்டு ஒரு லெட்டர், ஆறு மாத பே ஸ்டப் இரண்டையும் வை. சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இருக்கிற வரைக்கும் வை. ரிட்டர்ன் நகலைவிட ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) தளத்தில் எடுக்கும் டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட் நல்லது, அதோடு படிக்கப் போன விஷயத்தை நாலு வரியில் எழுதி இணைத்துவிடு.

அப்படியும் சந்தேகம் என்றால் அமெரிக்காவில் வசிக்கும் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டுக்காரர் ஒருவர் ஜாயின்ட் ஸ்பான்ஸராக வரலாம். ஆனால் யாரிடமும் லேசாகக் கேட்டுவிடாதே. அது கல்யாண மொய் மாதிரி கொடுத்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வந்தவர் சிட்டிசன் ஆகும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை பொறுப்பு தொடரும், நடுவில் விவாகரத்து ஆனால்கூடப் போகாது. என்னிடம் கேட்டபோது என் மகன் இதைச் சொல்லவே இல்லை, ஃபாரத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சரி, மருமகள் தங்கமானவள், அதனால் பிழைத்தேன்.

ஹூஸ்டன்_நர்ஸம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது, வேலையில் சேர்ந்து ஐந்து மாதம், சம்பளம் தாராளமாகத் தாண்டுகிறது.

சிங்கப்பூர் சான்று பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. அவருக்கு 2014இல் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமாகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமா? மாமியார் "அதெல்லாம் பழைய கதை, வாயைத் திறக்காதே" என்கிறார்.

லிட்டில்_இந்தியா_ரிட்டர்ன்:

சிங்கப்பூர் சான்று நான் புதுக்கோட்டையில் இருந்துகொண்டே வாங்கினேன், ஒன்றும் பயமில்லை. அங்கே அதற்குப் பெயர் சர்டிஃபிகேட் ஆஃப் கிளியரன்ஸ், சிங்கப்பூர் போலீஸ் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பம். வெளிநாட்டுக்காரர் கேட்டால் எதற்கு என்று ஆதாரம் கேட்பார்கள், உங்கள் என்விசி மெயிலையே ஏற்றுங்கள். விரல் ரேகை ஃபாரத்தைப் பிரின்ட் எடுத்து இங்கே போலீஸிடம் பதிக்க வேண்டும். லோக்கல் ஸ்டேஷனில் "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது தம்பி" என்றார்கள், எஸ்பி ஆபீஸில் விரல் ரேகைப் பிரிவு இருக்கிறது, அங்கே போனேன், பத்து நிமிட வேலை. மை திட்டுத்திட்டாக இல்லாமல் கோடு கோடாகத் தெரிய வேண்டும், சீலும் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு நகருங்கள். கையில் சிமென்ட் வேலை பார்த்தவன் நான், ரேகையே தேய்ந்திருந்தது, மூன்று ஃபாரம் கெட்டுப்போய் நாலாவதுதான் தேறியது.

16 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்று கட்டாயம், அதனால் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் 2021க்குப் பிறகு அவர் சிங்கப்பூர் போகவில்லை என்றால் ஒரு தடவை வாங்கினால் போதும். இந்திய பிசிசிதான் இரண்டு வருடம் தாண்டினால் மறுபடி எடுக்க வேண்டும்.

கும்பகோணம்_டு_டல்லஸ்:

அக்கா, காசநோயைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். நீங்களே நர்ஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் அதுவாகவே பேசிவிடும். மறைத்தது தெரிந்தால் நோயைவிடப் பொய்தான் பெரிய பிரச்சினை. குணமான காசநோய்க்கு விசா மறுப்பது கிடையாது. ஆனால் எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தாலோ பழைய நோய் இருந்தாலோ மூன்று நாள் தொடர்ந்து சளி எடுப்பார்கள், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்கு 8 வாரம் ஆகும். என் நாத்தனாருக்கு இப்படி ஆனது, இன்டர்வியூவுக்குப் பத்து நாள் முன்பு மெடிக்கல் போனாள், தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அதனால் உங்கள் விஷயத்தில் மட்டும் லெட்டர் வந்த மறுநாளே மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட் போடச் சொல்லுங்கள். அந்தக் கால மாத்திரை அட்டை, டிஸ்சார்ஜ் பேப்பர், பழைய எக்ஸ்ரே ஃபிலிம் எது கிடைத்தாலும் எடுத்துப் போகட்டும். எங்கள் வீட்டில் அந்த ஃபிலிம் பரணில் கிரகணம் பார்ப்பதற்காக வைத்திருந்தார்கள், அங்கேதான் கிடைத்தது!

மும்பையில் போன், பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள், ரூமிலேயே வைத்துவிட்டு ஒரு கிளியர் ஃபோல்டரில் ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கொண்டால் போதும். 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணியில் போட்டோ இரண்டு. என்னிடம் கேட்டது நாலே கேள்வி. எப்படி அறிமுகம், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், அவர் என்ன வேலை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள். நான் மொய் நோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன், ஆல்பத்தைக்கூடப் புரட்டவில்லை.

சான்டா_கிளாரா_சுந்தரம்:

எல்லாரும் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் கல்யாணம் 2024 செப்டம்பர். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் சிஆர்1, இரண்டு வருட கிரீன் கார்டு. காலாவதிக்கு முன்னுள்ள 90 நாளுக்குள் ஐ-751 (கார்டின் இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் மனு) போட வேண்டும், இன்றைய தேதிக்கு 750 டாலர், மறுபடி போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட், மறுபடி காத்திருப்பு. இரண்டு வருடம் முடிந்த பிறகு நுழைந்தால் ஐஆர்1, பத்து வருட கார்டு. விசாவில் சிஆர்1 என்று அடித்திருந்தாலும் ஏர்போர்ட்டில் கல்யாணத் தேதியைக் காட்டிக் கேட்டால் மாற்றுவார்கள். நீங்கள் இப்போதுதான் பேப்பர் சேர்க்கிறீர்கள், விசா கைக்கு வரும்போது எப்படியும் ஆகஸ்ட் பக்கம் ஆகிவிடும். விசா செல்லும் தேதிக்குள் என்றால் ஒரு மாதம் பொறுத்து டிக்கெட் போடுங்கள். பெரிய தலைவலி மிச்சம்.

விசா வந்ததும் கிளம்புவதற்கு முன் 235 டாலர் இமிக்ரன்ட் ஃபீயை ஆன்லைனில் கட்ட மறக்க வேண்டாம், அது கட்டினால்தான் கார்டு அச்சாகும். டிஎஸ்-260இல் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்கும் இடத்தில் ஆம் என்று டிக் செய்யச் சொல்லுங்கள், வரிசையில் நிற்கும் வேலை ஒன்று குறையும்.

ஹூஸ்டன்_நர்ஸம்மா:

சுந்தரம் அண்ணா, சொன்னது புரிகிறது, கணக்கும் புரிகிறது. ஆனால் போன வருடப் பொங்கலுக்கு அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்ததுதான், அதன் பிறகு வீடியோ காலில் மட்டும்தான் பார்க்கிறேன். ஆகஸ்டில் விசா கையில் இருந்தால் நான் ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிடுவேன். அந்த 750 டாலருக்கு இரண்டு நைட் ஷிஃப்ட் கூடப் பார்த்துக்கொள்கிறேன்.

மாமனார் நாளைக் காலை நகராட்சிக்குப் போகிறார். பாஸ்போர்ட்டுக்கு அடுத்த புதன்கிழமை சிவகங்கைப் பக்கம் ஸ்லாட் கிடைத்திருக்கிறது. ஏஜென்ட்டிடம் மாமியார் கொடுத்த 5 ஆயிரம் அட்வான்ஸ் திரும்பி வருமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.