புதுப்பிப்பு: பழைய கேரவன் தரை, வேலை முக்கால்வாசி முடிந்தது

இங்கிலாந்தில் வாங்கிய பழைய டூரிங் கேரவனில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) அடுப்படி முன்னாலும் கதவோரமும் தரை பொதபொதவென்று அமுங்குகிறது என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

அடுப்படிப் பக்கம் ஈரமே இல்லை. தரை என்பது இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் மாதிரி நுரை) ஒட்டிய அடுக்கு; அதில் மேல் பிளைவுட்டுக்கும் பாலிஸ்டைரீனுக்கும் இடையே பசை விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். கீழ்ப் பிளைவுட்டைத் துளைத்துவிடாமல் இருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பாகமாக வரும் எபாக்ஸிப் பசையைக் கலந்து உள்ளே செலுத்தி, மரக்குச்சிகளால் அடைத்து, பாலித்தீன் விரித்து மேலே தண்ணீர் கேன்களை வைத்தேன். குளிரில் எபாக்ஸி இறுக நேரமாகும் என்பதால் இரவு முழுக்க ஹீட்டர் ஓடியது. இப்போது குதித்தாலும் அசையவில்லை, அப்படியொரு சந்தோஷம்!

கதவோரம்தான் பெரிய வேலை. ஸ்குரூடிரைவர் நுனி பட்டதும் மரம் புட்டு மாதிரி உதிர்ந்தது, அதில் எபாக்ஸி பிடிக்காது. ஆனிங் ரெயிலின் (வெளியே கூடாரத் துணி மாட்டும் சட்டம்) ஸ்குரூ வழியாகத்தான் மழைநீர் இறங்கியிருக்கிறது. முதலில் ரெயிலைக் கழற்றிப் புது பியூட்டைல் சீலன்ட் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் பசை) வைத்தேன். அப்புறம் அழுகியதை வெட்டி எடுத்தேன், ஓரங்கள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன.

அழுகியதை எடுக்காமல் பழைய தரைக்கு மேலேயே புது பிளைவுட் அடிக்கச் சொன்னவர்களுக்கு: எடை கூடும், ஈரமும் உள்ளேயே அடைபடும், அதனால் வேண்டாம். புதுத் துண்டு பொருத்தியதும் படம் போடுகிறேன்.