ஜெர்மனியின் ‘கடன் பிரேக்’: குடும்பக் குழுவில்

யாழினி: சித்தப்பா, வரவுக்குள்ளதான் அரசாங்கம் செலவு பண்ணணும்னு அரசியலமைப்புலயே எழுதணுமா? காலேஜ் விவாதத்துல நான் ஆதரிச்சுப் பேசணும்.

ரகு சித்தப்பா: ஜெர்மனியை எடுத்துக்கோம்மா. 2009-ல அரசியலமைப்போட 109, 115-ஆம் பிரிவுகளைத் திருத்தி கடனுக்கு எல்லை வச்சாங்க, அதுதான் ‘கடன் பிரேக்’. ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. 2016-லேருந்து மத்திய அரசு வருஷத்துக்கு ஜிடிபில (நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல) 0.35 சதவீதம் வரைக்கும்தான் கடன் வாங்கலாம். மாநிலங்களுக்கு 2020-லேருந்து 2025 வரை பூஜ்யம்.

யாழினி: பொருளாதாரம் படுத்துட்டா?

மாலா அத்தை: அந்த 0.35 சாதாரணமா ஓடுற வருஷத்துக்கு. மந்தத்துல வரி வசூல் விழும், அதுக்குத் தக்கபடி கூடவே வாங்கலாம். நல்லா ஓடுறப்போ எல்லை இறங்கும். சிக்கல் என்னன்னா, ‘சாதாரணம்’ எதுன்னு யாராலயும் அளந்து பாக்க முடியாது. அது மதிப்பீடு. மதிப்பீடு மாறினா எல்லையும் மாறும்.

ரகு சித்தப்பா: பட்ஜெட்ல சரியா இருந்து வருஷக் கடைசியில மீறினா, அந்த வித்தியாசம் ‘கட்டுப்பாட்டுக் கணக்கு’ல பற்றா ஏறும். ஜிடிபில 1.5 சதவீதம் தாண்டினா குறைச்சே ஆகணும். உன் பக்கத்துக்கு நல்ல பாயின்ட் இது, விட்டுடாதே.

யாழினி: கொரோனாவுல என்ன பண்ணாங்க?

மாலா அத்தை: அவசர வழி இருக்கு. மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல ஆதரவு வேணும், திருப்பிக் கட்டுற திட்டமும் சேர்த்து நிறைவேத்தணும். 2020-லேருந்து 2023 வரை நாலு வருஷமும் அதைத்தான் எடுத்தாங்க.

ரகு சித்தப்பா: அதுலதான் மாட்டினாங்க. கொரோனாவுக்கு வாங்கி, பயன்படாம நின்ன 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு மாத்தினாங்க. 2023 நவம்பர் 15-ல அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. நெருக்கடிக்கும் இந்தச் செலவுக்கும் தொடர்பு சரியா காட்டல. ஒரு வருஷ அனுமதியை அடுத்தடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கக் கூடாது. 2021-க்கான துணை பட்ஜெட்டை 2022-ல நிறைவேத்தினதும் தப்பு.

யாழினி: 6,000 கோடி கையில இருந்த பணமா?

ரகு சித்தப்பா: இல்லைம்மா, வெறும் அனுமதி. கடனே இன்னும் வாங்கல.

கார்த்தி: எதிரணி 2025-ஐ எடுப்பாங்க, தயாரா இரு. மார்ச் 18-ல மறுபடி திருத்தம்: கீழவையில 489 ஓட்டு வேணும், 512 விழுந்துச்சு. ஜிடிபில 1 சதவீதத்துக்கு மேல போற பாதுகாப்புச் செலவு எல்லைக்கு வெளியே. உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ தனி நிதி, அதுவும் வெளியே. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து இப்போ 0.35 சதவீதம். பிப்ரவரி 23 தேர்தல் முடிஞ்சும் பழைய அவைலயே நிறைவேத்திட்டாங்க, புது அவைல மூணுல ரெண்டு பங்கு தேறுறது கஷ்டம்.

யாழினி: நம்ம ஊர்ல?

கார்த்தி: 2003 எஃப்ஆர்பிஎம் சட்டம், அதாவது நிதிப் பொறுப்பு, பட்ஜெட் மேலாண்மைச் சட்டம். சாதாரண சட்டம்தான், நிதி மசோதாவோட சேர்த்தே திருத்திடுறாங்க.

மாலா அத்தை: யாழினி, கடனே பூஜ்யம்னு மட்டும் வாதாடாதே, தோத்துடுவே. சம்பளம் மாதிரி அன்றாடச் செலவையும் பாலம் மாதிரி முதலீட்டையும் ஒரே தராசுல வச்சதுதான் ஜெர்மனி பண்ண பெரிய தப்பு. 2009-க்கு முந்தின விதி முதலீட்டு அளவுக்குக் கடன் வாங்க விட்டுச்சு, ஆனா தேய்மானத்தைக் கழிக்கல. அதனால கடன் ஏறிக்கிட்டே போச்சு. ‘நிகர முதலீட்டுக்கு மட்டும் கடன், தனி நிதியங்களும் கணக்குக்குள்ள’ன்னு எழுதச் சொல்லு.

யாழினி: நிகர முதலீடுன்னா எப்படி விளக்குறது அத்தை?

மாலா அத்தை: இந்த வருஷம் 100 கோடிக்குப் புதுப் பாலம், பழைய பாலங்கள் 80 கோடிக்குத் தேய்மானம்னு வச்சுக்கோ. கடன் 20 கோடிக்குத்தான். மிச்ச 80 வரியிலேருந்து வரணும்.