பிரிஸ்பேன் பழைய காற்றாலை: மாவு ஆலையா, தண்டனைக் கூடமா?

மேட்டுவாசி:
ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் விக்காம் டெரஸ் மேட்டில் நிற்கும் காற்றாலையை நண்பர் ஒருவர் இங்கே "சித்திரவதைக் கோபுரம்" என்று எழுதியிருந்தார். ஏற்க மாட்டேன். 1828-ல் அங்கே இருந்த மோர்டன் பே என்ற பிரிட்டிஷ் கைதிக் குடியிருப்புக்குச் சோளமும் கோதுமையும் அரைக்கக் கட்டியது அது. காற்று விழுந்த நாளில் அரைக்கத்தான் மிதிசக்கரம், அதாவது கைதிகள் படிபடியாக மிதித்துச் சுழற்றும் பெரிய சக்கரம். சாப்பாடு வேண்டாமா?

ஏட்டுச்சுவடி:
கட்டியவர்களே கைதிகள்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், 1836-ல் அங்கே போன ஜேம்ஸ் பேக்ஹவுஸ் என்ற குவேக்கர் கிறித்தவப் பிரிவுக்காரர் எழுதிவைத்த கணக்கைப் பாருங்கள். வழக்கமாகச் சக்கரத்தில் 25 பேர். சிறப்புத் தண்டனை என்றால் 16 பேர்தான், 14 மணி நேரம். அதில் நாலு நாலு பேராக முறை வைத்து இறங்கி மூச்சு வாங்கலாம். மாவுதான் குறி என்றால் ஆளை ஏன் குறைக்கிறார்கள்? ஆள் குறைந்தால் அரைப்பும் குறையும், மிதிப்பவன் பாடு கூடும். ஏற்றம் மிதித்தவர்களுக்குக் கால் வலி தெரியும். இங்கே படி காலடியில் நழுவிக்கொண்டே இருக்கும், நிற்க முடியாது.

மேட்டுவாசி:
சரி, அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் மிதிசக்கரம் அன்று இங்கிலாந்துச் சிறைகளிலும் இருந்தது. இந்தக் கோபுரத்தை மட்டும் ஏன் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்? 1861-ல் இது கப்பல் வருகையை அறிவிக்கும் சமிக்ஞைக் கோபுரம் ஆனது. 1934-ல் இங்கிருந்து பக்கத்து ஊரான இப்ஸ்விச் வரை தொலைக்காட்சிப் படம் அனுப்பிப் பார்த்தார்கள். அதெல்லாம் வரலாறு இல்லையா?

தென்காற்று:
இருவருமே 1841-ஐத் தாண்டிப் போகிறீர்கள். நில அளவையாளர் ஸ்டேபில்டன் குழுவில் நடந்த கொலைக்காகப் பழங்குடியினர் இருவரை அந்த ஜூலையில் தூக்கிலிட்டது இந்தக் காற்றாலையில்தான். கைதிக் குடியிருப்பை 1839-லேயே மூடத் தொடங்கிவிட்டார்கள். மாவு, கைதி என்ற இரண்டு கணக்கிலும் இது வராது.

மேட்டுவாசி:
அதை எழுதாமல் விட்டது என் தவறு. இருந்தாலும் "சித்திரவதைக் கோபுரம்" என்ற ஒற்றைப் பெயருக்கு நான் இணங்க மாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
பெயரை விடுங்கள். கோபுரம் நிற்கிறது, வெளியே பக்கத்தில் இருந்த சக்கரம் போய்விட்டது. பார்க்க வருபவர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் அந்த வெற்றிடத்தில்தான் நிறுத்துவேன்.