பேஸ்பால் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வட கரோலினாவில் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் செவ்வாய்க்கிழமை மதிய உணவுக் கூட்டத்துக்கு, இங்குள்ள மைனர் லீக் (மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே உள்ள நிலை) பேஸ்பால் அணியின் பொது மேலாளர் பேச வருகிறார். அவரை அறிமுகப்படுத்தி முதல் இரண்டு கேள்விகளைக் கேட்கும் பொறுப்பு எனக்கு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான், பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது.

படித்த வரையில், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. டிக்கெட், மைதானம், விளம்பரம், சாப்பாட்டுக் கடைகள் இவை மட்டுமே உள்ளூர் நிர்வாகத்தின் கையில். நன்றாக ஆடும் பையனை நடு சீசனில் மேலே கூப்பிட்டுக்கொண்டால் இவரால் தடுக்க முடியாது. அப்படியிருந்தும் ஊர் மக்களை எப்படி மைதானத்துக்கு வரவழைக்கிறார்? இதைத்தான் முதலில் கேட்க ஆசை.

2021-ல் மேஜர் லீக்குடன் இணைந்த அணிகளை 120 ஆகக் குறைத்தார்கள். பல சின்ன ஊர்கள் அந்த இணைப்பை இழந்தன. அதைப் பற்றிக் கேட்டால் விருந்தினருக்குச் சங்கடமாக இருக்குமா?

அப்புறம், இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இதைவிட நல்ல கேள்வி சொல்லுங்கள். ஞாயிறு இரவுக்குள் கிடைத்தால் பெரிய உதவி.