எண்ணூர் ஆற்றில் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு): நெடுந்தூரம் துடுப்பு வலித்தவர்கள் எழுதுங்கள்

முகத்துவாரம்:
காட்டுப்பள்ளிப் பக்கம் போய்த் திரும்பினோம். போகும்போது கடல் ஏற்றத் தண்ணீரே தள்ளிவிட்டது. திரும்பும்போது கடல்காற்று எதிரே. பயத்தில் துடுப்பை இறுக்கிப் பிடித்து, கையாலேயே இழுத்தேன். கரையேறி டீ வாங்கினால் விரல்கள் மடங்கவில்லை. கிளாஸ் நழுவி உடைந்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டீயை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, நான் குடிக்கும்வரை கிளாஸை விடவில்லை. இத்தனைக்கும் தோள் வலிக்கவில்லை, மணிக்கட்டு மட்டும்தான்.

உப்பங்கழி:
எனக்குச் சிக்கல் வந்தது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மேட்டில். முழங்கால் ஆழம்கூட இல்லை. எவ்வளவு துடுப்புப் போட்டாலும் படகின் பின்பக்கம் அமுங்குகிறதே தவிர நகரவில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர், இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி என்னைத் தாண்டிப் போனார். வாய் திறக்க முடியாததால் கையை மட்டும் இடப்பக்கம் நீட்டினார். அங்கே ஆழமான ஓடை. உள்ளே போனதும் அதே துடுப்பு வீச்சுக்குப் படகு வழுக்கிக்கொண்டு ஓடியது.

காசிமேடு:
நானும் மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் உட்கார்ந்தவன். முகத்துவாரம் தம்பி, இறுக்கிப் பிடித்தது மட்டும் காரணமில்லை. துடுப்பின் இரு முனையிலும் இருக்கும் தட்டையான பிளேடுகளுக்கு நடுவே கோணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 60 டிகிரி என்றால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மணிக்கட்டை முறுக்க வேண்டும். 30 வையுங்கள், இல்லையென்றால் நேராகவே வையுங்கள். பிளேடைக் கால்விரல் அருகே முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்திய பிறகுதான் இழுக்க வேண்டும், இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் தண்ணீரை மேலே தூக்குகிறோம், அவ்வளவுதான். வலப்பக்கம் துடுப்புப் போடும்போது வலது காலால் மிதியுங்கள், உடம்பு தானாகத் திரும்பும். தள்ளுகிற கையின் விரல்களைத் திறந்தே விடுங்கள், அந்த நொடிதான் அவற்றுக்கு ஓய்வு. அந்தக் கை தோளுக்கு மேல் போக வேண்டாம். உயர்த்திப் போடுவது பந்தயத்துக்கு. அப்புறம், மேட்டில் வேகத்தைக் குறைத்தாலே போதும், ஓடை தேடிச் சுற்ற வேண்டாம்.

உப்பங்கழி:
சுற்றவில்லை அண்ணா, இருபதடிதான். குறைத்தும் பார்த்தேன், சாம்பலில் பிளேடு முழுதாக முங்கவே இடமில்லை.

முகத்துவாரம்:
என்னுடையது 60தான் அண்ணா. வாங்கியபோது இருந்ததை மாற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை 30 வைத்துப் போகிறேன். உடைந்த கிளாஸுக்கு அவர் அன்று காசு வாங்கவில்லை, அந்தக் கடைக்கும் போக வேண்டும்.